பின்சீட்டின் எடை

"நீ எவ்வளவுய்யா எடை இருப்ப?" என்று கேட்டான் பட்டறைக்கார ரெய்யோ.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த யல்மாரிக்கு இந்தக் கேள்வி மட்டும் பாடத்தில் இல்லை.

பழைய பனிவண்டிக்கு எதற்குப் புது ஷாக் அப்சார்பர் என்று கேட்டால் முதுகுவலி என்று சொல்லலாம். புது வண்டியே வாங்கலாமே என்றால் பழகின வண்டி என்று சொல்லலாம். எடைக்கு என்ன சொல்வது?

"அது எதுக்கு?"

"ஆளுக்குத் தகுந்த ஸ்பிரிங்தான்யா ஷாக்குல போடணும். இளசாப் போட்டா குழிக்குக் குழி இடுப்பை ஒடிக்கும். முறுக்காப் போட்டா பாறாங்கல்லு மேல உக்காந்து போற மாதிரி இருக்கும்."

கலைமான் இறைச்சி நிறுக்கும் மேடைத் தராசு பட்டறை வாசலிலேயே இருந்தது. அதில் ஏறச் சொல்லாமல் வாயால் கேட்கிறானே என்று யல்மாரிக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவன் கவலை பின்சீட்டில் இருந்தது.

பின்சீட்டில் ஐலி உட்கார வேண்டும்.

ஐலி, ரெய்யோவின் அக்கா. புருஷனைப் பறிகொடுத்துப் பல குளிர்காலமாகத் தனியாக இருப்பவள். போன மாதம் யல்மாரி, ரெய்யோவின் கண்ணில் படாமல் ஏரியைச் சுற்றிப் போய் அவளை ஏற்றிக்கொண்டான். காற்றடித்து வரிவரியாக இறுகிய பனி. வரிக்கு வரி வண்டி துள்ளியது. இறங்கும்போது ஐலி கேள்விக்குறியாக வளைந்திருந்தாள்.

"நீங்க நல்ல மனுஷன்தான். உங்க வண்டிதான் முரடு. அதைச் சரி பண்ணுங்க, அப்புறம் ஏறுறேன்."

ஆகவே இருவருக்கும் சேர்த்து ஸ்பிரிங் போட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று ரெய்யோவுக்குத் தெரியக் கூடாது. போன வருஷம் ஐலிக்குப் பூங்கொத்து கொண்டுவந்த தபால்காரரின் வண்டியை சர்வீஸ் என்று கழற்றியவன், ஏரி உருகும்வரை திரும்ப மாட்டவேயில்லை. இப்போது யல்மாரியின் வண்டி அதே மேடையில், முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகளும் கழன்று, பிரேதப் பரிசோதனைக்கு வந்ததுபோலக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு பட்டறையும் கிடையாது.

யல்மாரி எழுபது கிலோ. ஐலி? ஒரு பெண்ணிடம் எடையைக் கேட்பதைவிட வசந்தகாலத்தில் பனி இளகிய ஏரியை நடந்தே கடந்துவிடலாம். கம்பளிக் கோட்டோடு அவளை மனதுக்குள் நிறுத்துப் பார்த்து, கோட்டைக் கழித்து, மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் கழித்தான்.

"நூத்தி முப்பது."

ரெய்யோ ஸ்பேனரைக் கீழே வைத்தான். கால்சட்டை மாட்டிய கழிபோல நின்றவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான்.

"கலைமானை முழுசா முழுங்கிட்டா வந்திருக்க?"

"இல்லப்பா... மீன் ஏத்துவேன். விறகு ஏத்துவேன்."

"விறகை சீட்டுலயா உக்கார வைப்ப? பின்னாடி கட்டி இழுக்கிற பலகை எதுக்கு இருக்கு?"

அந்த ஊரில் மீனும் விறகும் இழுவைப் பலகையில்தான் போகும். சீட்டில் ஏறுவது மனிதர்கள் மட்டுமே. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம், வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டது.

"நாய்," என்றான் யல்மாரி.

"உன் நாயா? அதைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டே போகலாமேய்யா."

யல்மாரியின் காது பழுத்தது. ரெய்யோ காப்பி ஊற்றி அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனான். உள்ளே எதையோ நகர்த்தும் சத்தம். பெரிய சுத்தியலாக இருக்கும் என்று யல்மாரி நினைத்தான். கதவு எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தும் வைத்துக்கொண்டான்.

ரெய்யோ அட்டைப் பெட்டியோடு வந்தான். உள்ளே புத்தம்புது ஷாக் அப்சார்பர்கள், ஸ்பிரிங்கோடு.

யல்மாரி குழம்பினான். ஆர்டர் கொடுக்கவே இன்றைக்குத்தானே வந்தான்?

"ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்தம்பது கிலோவுக்கு வரவழைச்சது," என்றான் ரெய்யோ. "போன வாரமே அக்கா வந்து அந்தத் தராசுல ஏறி நின்னுட்டா. அந்த மனுஷன்கிட்ட கேட்டா மரியாதைக்குக் குறைச்சுத்தான் சொல்லுவாரு, அவர் பேச்சை நம்பி மாட்டிடாதேன்னு சொல்லிட்டுப் போனா."

யல்மாரி தராசைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

ரெய்யோ மேடைக்கு அடியில் படுத்து ஸ்பேனருக்குக் கையை நீட்டினான்.

"இருபது கிலோ குறைச்சதை நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். காப்பி ஆறுது, குடிங்க அத்தான்."