பிரேக்குக்குச் சிவப்பு

"என்னங்க, இங்க பாருங்க, பெயிண்ட் வழிஞ்சு நிக்குது."

ஆனந்தவல்லி விரல் நீட்டிய இடத்தை வைரக்கண்ணு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கொல்லையில் சக்கரம் கழற்றிய கார் கட்டைகள் மேல் நின்றது. சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் அதன் பிரேக் கேலிப்பர்கள் கொய்யா மரத்தில் கம்பி கட்டித் தொங்கின. எல்லாம் புதுச் சிவப்பு.

"எங்கடி வழிஞ்சிருக்கு?"

"அடியில. யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க."

"சக்கரத்துக்குள்ள தலைய விட்டு எவன் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்ல?"

முணுமுணுத்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்தார். போன வாரமும் இதே கூத்துதான். கலர் மட்டம் என்றாள், சுரண்டினார். தூசி ஒட்டியிருக்கிறது என்றாள், மறுபடி சுரண்டினார். பெயிண்ட் டப்பாவுக்கு வாய் இருந்தால் அதுவே அழுதிருக்கும். காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதரை இப்படியா படுத்துவது என்று பக்கத்து வீட்டு அனீஸாகூடக் கேட்டுவிட்டாள்.

உள்ளே போன் அடித்தது. சென்னையிலிருந்து மகள் சுடர்விழி.

"அம்மா, ஞாயித்துக்கிழமை கும்பகோணம் ஸ்டேஷனுக்கு அப்பாவே கார் எடுத்துட்டு வர்றேங்கிறாரு. புள்ளைய வச்சுக்கிட்டு எனக்குப் பயமா இருக்கும்மா."

ஆனந்தவல்லி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மட்டும் இல்லையா? திருவிடைமருதூர்ல பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சாரு. அந்தப் பூக்காரம்மா பொழச்சது மகாலிங்கசாமி புண்ணியம். இவரு என்னடான்னா பிரேக்தான் சரியில்லன்னு கழட்டிப் போட்டு, அதுக்குப் பெயிண்ட் வேற அடிக்கிறாரு."

"இனிமே ஓட்டாதீங்கன்னு சொல்லிடேன்."

"அந்த மனுசன்கிட்டயா? ஸ்டியரிங்கப் புடிச்சே வாழ்ந்தவருடி, ஒடைஞ்சு போயிடுவாரு. அதான் தெனம் ஒரு குத்தம் சொல்லிக்கிட்டிருக்கேன். கழட்டினது கழட்டினபடியே கெடக்கட்டும்."

சனிக்கிழமை காலை வைரக்கண்ணு அவளைக் கூப்பிட்டுக் கேலிப்பர்களைக் காட்டினார். கடையில் வாங்கியது போல வழவழவென்று இருந்தன. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குறை சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை.

"இப்ப என்ன சொல்ற?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் வேறு வழியில்லாமல்.

"சாயந்தரம் மாட்டிடறேன். நாளைக்குப் பேரன முன் சீட்ல உக்கார வச்சு நானே கூட்டிட்டு வர்றேன் பாரு."

மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை முன் சீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. பாத்திரம் கழுவி முடித்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவர் தூங்கியிருப்பார். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக்கொண்டு, ஓசைப்படாமல் கொல்லைக்குப் போனாள்.

கொய்யா மரத்தடியில் வைரக்கண்ணு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தான் அடித்த சிவப்பை ஸ்க்ரூ டிரைவரால் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தார்.

அவள் வந்தது தெரிந்தும் அவர் திரும்பவில்லை.

"பூனை பிராண்டிடுச்சு வல்லி. மொதல்லேருந்து அடிக்கணும். சுடர்விழிய ஆட்டோ வச்சு வரச் சொல்லிடு."