சங்கு வராத காலை

“என்ன தலைவரே, இன்னும் விடியலையா? உள்ளே பேனா ஓடுற மாதிரி தெரியலையே!”

நேற்றுக் காலையும் வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டதும், தலைவர் நாளிதழைப் போட்டுவிட்டு மேசைக்கு ஓடினார்.

“பேனாவைக் கையில எடுத்துட்டேன்யா. கத்தாதே!”

“கையில இருந்தா போதுமா? மில்லுல கூடத்தான் நீ ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா அரசியல் பேசுவே.”

உள்ளேயிருந்து தலைவரின் மனைவி சிரித்தது கேட்டது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், மூடிப்போன மில்லின் டைம்கீப்பர். சங்கு ஊதி ஓய்வதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார் என்பதால், தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயரே ‘சங்கு’. அந்தக் கேட்டின் எதிரே நின்று முழங்கித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டவர், தொழிற்சங்கத்தை நடத்திய தலைவர்.

மில் இருந்த இடத்தில் இப்போது பளபளவென்று கடைகள். வேலைநிறுத்தக் கமிட்டியில் இருந்தவர்களில் தலைவர் மட்டும்தான் மிச்சம். அந்தப் போராட்டத்தைப் புத்தகமாக எழுதாமல் சாக மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தார்.

சபதம் போடுவது சுலபம். தலைக்கு மேல் ஆளில்லாத வேலை மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. எழுத உட்கார்ந்தால் பென்சில் சீவுவார். மேசையைத் துடைப்பார். அலமாரியை ஒழுங்குபடுத்துவார். அந்தக் களைப்பில் தூங்கிவிடுவார்.

“எட்டு மணி நேர வேலைக்குப் போராடினவரு, ஒரு மணி நேரம் உட்கார மாட்டேங்கிறீங்களே!” என்று மனைவி கேலி செய்தாள்.

ஒருநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட சங்கும் அதையே வேறு மாதிரி கேட்டார்.

“புத்தகம் எழுதுறியாமே? முடிக்க மாட்டே. விரட்ட ஆள் இல்லேன்னா நீ எங்கேய்யா வேலை செஞ்சே?”

“வந்து பாருய்யா, என் வீட்டுக்கு!”

வந்தார். மறுநாளும் வந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஆஜர்.

ஒரு பக்கம் எழுதி, ஜன்னல் வழியே நீட்டி, சங்கு படித்துத் தலையாட்டினால்தான் தலைவர் எழுந்திருக்கலாம் என்று ஏற்பாடு. எந்த நிர்வாகத்துக்கும் கட்டுப்படாதவர் இதற்குக் கட்டுப்பட்டார். பக்கங்கள் சேர்ந்தன.

எழுதி முடித்த பிறகு இருவரும் பேசும் பேச்சில் மில் மறுபடியும் ஓடும்.

“பஞ்சு மூட்டைக்குப் பின்னால தூங்குவானே நம்ம தூங்குமூஞ்சி! கடைசி வரைக்கும் நீ அவனைப் பிடிக்கவே இல்லையே?”

“பிடிக்கலையா? அவன் குறட்டை எனக்குக் கேட்காம இருக்கணும்னே நான் இருமிக்கிட்டுப் போவேன்யா!”

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

நேற்று எழுத வேண்டியிருந்தது, போராட்டம் வெடித்த நாளை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சாயப் பிரிவு அக்கா தாமதமாக வந்தாள். கேட் சாத்தப்பட்டுவிட்டது. கொட்டும் மழையில் அவள் வெளியே நிற்பதைப் பார்த்துத்தான் மில்லில் ஒவ்வொரு இயந்திரமாக நின்றது.

சங்கு அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். தலையாட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இன்று ஜன்னலுக்கு வெளியே குரல் இல்லை.

தலைவர் பேனாவைத் திறந்தார். மூடினார். ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

“பார்த்தியா? கேட் கதை வந்ததும் ஆள் சுருண்டுட்டான்! ஊரான் தப்புன்னா உட்கார்ந்து கேட்பானுங்க. தன் தப்புன்னா ஓடிடுவானுங்க. இந்தக் கங்காணிப் புத்தியே இப்படித்தான்!”

“அப்படி என்னங்க எழுதினீங்க?” என்றாள் மனைவி.

தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சங்கு தன் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

“ஏன்யா வரலை? கோபமா?”

“கோபம்தான்.”

“நடந்ததை எழுதினா சுடத்தான் செய்யும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

சங்கு தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“நடந்ததை நீ எங்கேய்யா எழுதினே? ‘யாரோ கேட்டைச் சாத்திவிட்டார்கள்’னு எழுதியிருக்கே. யாரோவா? அந்த அக்கா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, என் பேரைச் சொல்லிச் சொல்லித்தானே கெஞ்சுச்சு! அது உனக்கு மறந்துபோச்சா?”

போலீஸ் தடிக்கு முன்னால் குனியாத தலை, அந்தச் செடிகளுக்கு நடுவே குனிந்தது.

“மறக்கலைய்யா,” என்றார் தலைவர். “உன் பேரைப் போட்டா நீ அப்புறம் வர மாட்டே. நீ வரலேன்னா என் புத்தகம் நின்னுடும்.”

“எனக்கும் அது தெரியும். ஆனா நான் எதிரே உட்கார்ந்திருந்தா உன் கை என் பேரை எழுதாது. அதான் இன்னிக்கு வரலை,” என்றார் சங்கு. “போ, அந்தப் பக்கத்தை ஒழுங்கா எழுதிட்டுக் கூப்பிடு. அடுத்த பக்கத்துக்கு விரட்ட நான் வர்றேன்.”