முட்டையில் வைத்த குறிப்பு

இன்பசேகரன் காலையில் காபி குடித்து, டப்பாவில் இட்லி எடுத்துக்கொண்டு, பழங்காநத்தத்தில் பஸ் ஏறுவான். இறந்துபோன மனைவி ஜெஸி வேலை பார்த்த கல்லூரியில் இறங்கி, ஆய்வகத்தில் அவள் விட்டுப்போன கண்ணாடித் தட்டுக்குத் தண்ணீர் மாற்றுவான். பிறகு ஆபீஸ்.

தட்டில் ஒரே ஒரு மீன்முட்டை. தாய் முட்டைக்குள் வைத்துவிட்ட குறிப்புகளைப் படித்துத்தான் கரு முதலில் புரதம் செய்யும் என்பாள் ஜெஸி. அவை தீர்ந்ததும் அது சொந்தக் குறிப்பு எழுதவேண்டும். எழுதவிடாமல் தடுக்கும் மருந்தை அவளே முட்டைக்குள் ஊசியால் ஏற்றியிருந்தாள். அரை நாளில் கரு செத்திருக்க வேண்டும்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது இதயம் துடித்தது.

“ரூமைப் புது ஆளுக்குக் குடுத்துட்டாங்க மாப்ள, கொட்டிருவோம்,” என்றான் ஆய்வக உதவியாளர் ஸ்டீபன். “அம்மா வச்ச குறிப்பு இம்புட்டு நாளைக்கா வரும்? நெசமாச் சொல்லு, முட்டைய மாத்துறியா?”

“இல்லடா.”

இன்பசேகரன் இட்லியை ஸ்டீபனிடம் கொடுத்துவிட்டு, டப்பாவைக் கழுவி, தட்டை அதற்குள் வைத்தான்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஜெஸி கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்.

“கொட்டிராதீங்க. நான் வந்து பாக்கணும்.”