அனுப்ப முடியாது

"அவளை அனுப்ப முடியாது. வந்த வழியைப் பார்த்துப் போங்க சார்!"

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை நடத்தும் அக்கா போட்ட சத்தத்தில், தன் ஃப்ரிட்ஜுக்காகக் காத்திருந்த பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார்.

எதிரே நின்றவர் ஐஸ்கிரீம் கம்பெனி மேனேஜர். அவர் வேலைக்குக் கேட்டது ஸ்பேனரை. அக்காவிடம் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர் உண்டு. கடையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"மெக்கானிக் வேலை. நீங்க கொடுக்கற சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு தர்றேன்."

"கூட்டிப் பெருக்க வந்தவ சார். கேஸ் அடிக்கறதுலேர்ந்து சர்க்யூட் படம் பார்க்கறது வரைக்கும் நான் சொல்லிக் கொடுத்தது. நான் சமைச்சு வைப்பேன், நீங்க கையைக் கழுவிட்டு வந்து உட்காருவீங்களா?"

ஸ்பேனர் மெல்ல வாயைத் திறந்தாள். "அக்கா... ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா. ஒன்றரை மடங்குன்னா..."

"நீ பேசாதே!"

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஒரு ஏழைப் பொண்ணு தலையெடுத்தா உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

"உங்க ஃப்ரிட்ஜுல ஐஸ் பிடிக்கணுமா, வேண்டாமா? சும்மா உட்காருங்க."

மேனேஜர் இறங்கி வந்தார். "சரி, ரெண்டு மடங்கு."

அக்காவின் குரல் உடைந்தது. "கடைக்கே கண்ணு மாதிரி இருந்தா. சாயங்கால காலேஜுல டிப்ளமா சேர்த்துவிடலாம்னு இருந்தேன். எல்லாத்துலயும் மண்ணைப் போடறீங்களே!"

"அவ்வளவுதானே? கம்பெனியே சேர்த்துவிடும். ஃபீஸும் எங்க செலவு."

"வாயால யார் வேணா சொல்லலாம்."

மேனேஜர் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, "சரி, அனுப்பறேன். ஒண்ணாந்தேதி வருவா" என்றாள்.

ஜெயித்த மிடுக்கோடு அவர் காரில் ஏறினார்.

"இப்பவாவது மனசு இரங்கிச்சே" என்றார் பெரியவர்.

அக்கா கார் தெரு திரும்பும்வரை பார்த்துவிட்டு, ஸ்பேனரின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"ஒன்றரை மடங்குக்கே தலையாட்டப் பார்த்தியே, கூறுகெட்டவளே! உனக்கு முன்னாடி போனவளுக்குச் சம்பளம் மட்டும்தான் ஏத்தி வாங்க முடிஞ்சுது. அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் அழுதிருக்கணும்டி!"