மாற்றாத கணக்கு

“கடைசி வரியை மட்டும் மாத்திடு, ரெங்கசாமி. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்றார் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சின்னையா.

“முடியாதுங்க.”

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் சர்வே கம்பெனி அது. உலு கோம்பாக் மலையில் பல வருஷமாக அளந்த மழையையும், கோலாலம்பூரில் கிள்ளான் ஆறு ஏறிய உயரத்தையும் ஒப்பிட்டு, ரெங்கசாமி ஒரு கணக்குப் போட்டு அறிக்கை எழுதியிருந்தான். மலையில் கொட்டினால் கீழே எந்த இடத்தில் வெள்ளம் புக எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு. ஆற்றோரக் குடியிருப்பான கம்பம் ஒன்றைப் பற்றிய வரியில்தான் இப்போது தகராறு.

“அந்த நிலம் நம்ம துரைக்கு வேணும்பா. உன் வரி குறுக்க நிக்குது.”

“அங்க குடியிருக்கிற சனங்க?”

“சட்டிபானையைத் தூக்கிக்கிட்டு எங்கயாச்சும் போய்க்குவாங்க. வாய்ப்புன்னுதானே எழுதியிருக்க? கொஞ்சம் முன்னப்பின்ன எழுதினா யாருக்குத் தெரியப்போவுது?”

“ஆத்துக்குத் தெரியும்.”

அறிக்கையை எடுத்துக்கொண்டு ரெங்கசாமி எழுந்தான். ஓர் எழுத்தும் மாற்றாமல் நேராக நில ஆபீசுக்கு நடந்து, அதிகாரியின் கையிலேயே கொடுத்தான். திரும்பி வந்தபோது அவன் மேசை காலியாக இருந்தது. வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போயிற்று.

“இனி எங்க போறது?” என்றாள் மனைவி சீதாலெட்சுமி.

“அந்தக் கம்பத்துக்குத்தான்.”

“ஆத்தோரத்துக்கா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். வர்றது அந்தச் சனங்களோட சேர்ந்தே நமக்கும் வரட்டும்.”

நில ஆபீஸ் அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டது. கம்பத்தை யாரும் காலி செய்யவில்லை.

1926 டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு மலையிலிருந்து ஆறு இறங்கியது. பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் முதலில் முழங்காலளவு, பிறகு கழுத்தளவு தண்ணீர்.

கம்பத்துச் சனங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று ஆற்றையே பார்த்தார்கள். ரெங்கசாமியும் அவர்களோடு நின்று பார்த்தான். கணக்கு வாய்ப்பைத்தான் சொல்லும். சத்தியம் செய்து கொடுக்காது.

“பயமா இருக்கா?” என்றாள் சீதாலெட்சுமி.

“இருக்கு. ஆனா மாத்தி எழுதியிருக்க மாட்டேன்.”

பிற்பகலில் ஒரு சம்பான் படகு வெள்ளத்தில் தத்தளித்தபடி கம்பத்தை நோக்கி வந்தது. அதில் நனைந்த மூட்டையை அணைத்துக்கொண்டு சின்னையாவும் அவர் மனைவியும் இருந்தார்கள். படகைப் பிடித்து இழுக்கக் கயிற்றோடு நின்ற கம்பத்துக்காரி மாரியாயி, ஆளை அடையாளம் கண்டதும் கையை இறக்கிவிட்டாள்.

“நம்மள இங்கேருந்து கெளப்பப் பாத்தவருல்ல இவரு?”

“கயித்தைப் போடுங்கக்கா” என்றான் ரெங்கசாமி.

படகு கம்பத்து மேட்டில் கரை தட்டியது. சின்னையா அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“இங்க… தண்ணி ஏறாதுல்ல?”

ரெங்கசாமி கையை நீட்டினான்.

“இறங்கி வாங்க. ஏறும்னு நீங்கதான் எழுதச் சொன்னீங்க. நான் எழுதலே.”