இரண்டு மில்லிமீட்டர்

“குண்டு உள்ள போகலைல்ல? அப்புறம் என்னங்க, பாஸ்னு வச்சுக்கலாமே!”

பஞ்சநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். போலகம் ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தகரக் கொட்டகைக்குள் 1986-ஆம் வருடத்து மே மாத வெயில் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது.

சலோமி கவச உடுப்பைச் சட்டத்திலிருந்து கழற்றி ஓரமாக வைத்தாள். அதன் பின்னால், மரச்சட்டத்தில் நிரப்பியிருந்த களிமண்ணில், குண்டு மோதிய இடம் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. அளவுகோலை உள்ளே இறக்கிக் குனிந்து பார்த்தாள்.

“நாப்பத்தாறு மில்லிமீட்டர். நாப்பத்தி நாலுக்கு மேல போகக் கூடாது சார்.”

பஞ்சநாதன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தானும் குனிந்தார். “நாப்பத்தஞ்சரைன்னு சொல்லலாம்.”

“சொல்லலாம். களிமண்ணு ஒத்துக்காது.”

“ரெண்டே ரெண்டு மில்லிமீட்டருங்க!”

“அந்த ரெண்டுலதான் சார் விலா எலும்பு நெஞ்சுக்குள்ள குத்தும். குண்டு துணியில நின்னுடும். அடி நிக்காது.”

துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த நூர் அகமது தலையைத் தூக்கினார். பட்டாளத்தில் சுட்டுப் பழகிய கை. “நான் சுட்டது சரியான இடத்துலதாங்க. என்மேல பழி போட்டுடாதீங்க.”

“களிமண்ணு மேலதான் எனக்குச் சந்தேகம்” என்றார் பஞ்சநாதன். “இந்த வெயில்ல இளகியிருக்கும்.”

சலோமி இரும்பு உருண்டையை எடுத்து, குறித்த உயரத்திலிருந்து களிமண்மேல் விட்டாள். அது விழுந்த பள்ளத்தையும் அளந்தாள். “இருபத்தஞ்சு. இருக்க வேண்டிய அளவுதான். மண்ணு பதமாத்தான் இருக்கு.”

பஞ்சநாதன் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். “மண்டபத்தூர்ல மீனுக்குப் போடுற ஐஸ் கிடைக்கும். ஒரு மணி நேரம் மண்ணை ஐஸ்ல வச்சு இறுக விட்டு, மறுபடி சுடுவோம். யாருக்குத் தெரியப் போவுது? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“மீனை ஐஸ்ல வைங்க சார். இதைப் போட்டுக்கிட்டு நிக்கிறவன் நெஞ்சு சூடாத்தான் இருக்கும்.”

நூர் அகமது இருமி, சிரிப்பை அடக்கினார்.

பஞ்சநாதன் விடவில்லை. “சனிக்கிழமை நாப்பது போலீஸ்காரங்க கிளம்பறாங்க. அதுக்குள்ள நாப்பது உடுப்பும் போய்ச் சேரலேன்னா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? வெறும் சட்டையோட போவாங்களே, அது பரவாயில்லையா?”

சலோமி நிமிர்ந்தாள்.

“வெறும் சட்டை போட்டவன் சுவத்துக்குப் பின்னால பதுங்குவான். இதைப் போட்டவன் நம்பி முன்னால போய் நிப்பான். நாப்பதும் ரிஜெக்ட் சார். இன்னும் நாலு அடுக்கு துணி வச்சுத் தைக்கணும்.”

“பதினெட்டு பொண்ணுங்க ராப்பகலா தைச்சிருக்காங்க. அவங்க உழைப்பையாவது நெனச்சுப் பாருங்க.”

“நெனச்சுட்டுத்தான் சொல்றேன். அவங்க தைச்சதைப் போட்டு ஒருத்தன் செத்தான்னு பேரு வரக் கூடாது.”

பஞ்சநாதன் பெருமூச்சு விட்டார். தோல் பையைத் திறந்து, அரசாங்க முத்திரையை வெளியே எடுத்து, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று காகிதத்தில் ஓங்கிக் குத்தினார்.

“பன்னெண்டு வருஷமா சோதனை அதிகாரியா இருக்கேன். ‘என் சரக்கு தேறலை, தள்ளி விடுங்க’ன்னு எங்கிட்டயே அடம்பிடிச்ச மொத முதலாளி நீங்கதாங்க!”