மூன்றாவது சான் பெத்ரோ

கப்பல் நிற்கும் ஊருக்குச் சான் பெத்ரோ என்று பெயர் இருந்தால், மாலுமி கயத்தான் இறங்கிப் போய்க் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் வருவான். மோட்சத்தின் சாவிகளை வைத்திருக்கும் நம் இராயப்பருக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர் அது. அமெரிக்காவின் சான் பெத்ரோவில் சுரூபத்தின் கையில் இரண்டு சாவிகள் இருந்தன. ஆப்பிரிக்காவின் சான் பெத்ரோவில் ஒன்றுதான். இன்று அர்ஜென்டினாவில், வெறும் கை அவனை நோக்கி நீண்டிருந்தது.

“செலைக்குச் செல மாறத்தான்ல செய்யும்,” என்று சமையல்காரர் தொம்மை அவன் தோளில் கைபோட்டுக் கப்பலுக்கு அழைத்து வந்தார்.

“மூஞ்சி ஒண்ணுதாம்ணே. மூணு எடத்துலயும் என்னையத்தான் பாக்காரு.”

அவன் பூட்டிவிட்டுப் போன அறை திறந்து கிடந்தது. அவன் சாவி பையிலேயே இருந்தது. பூட்டில் வேறு இரண்டு சாவிகள் தொங்கின.

தொம்மை அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.